தடை முடிவதற்குள் ஒரு ஃப்ளைவீல்

மெக்கானிக் அந்த இரும்புத் தட்டை வண்டிக்கு அடியிலிருந்து இழுத்து என் காலடியில் போட்டான்.

"பாருங்கக்கா, குறுக்கால எப்படி விரிசல் விட்டிருக்குன்னு. ஃப்ளைவீலு. இன்ஜின் சுத்துறத கிளட்ச்சுக்குக் கொடுக்கிறதே இதுதான். இது இல்லாம வண்டி நகராது."

"எப்படி வெடிச்சிச்சு?"

"தெருத்தெருவா ஊர்ந்து ஊர்ந்து மீன் விக்கிறீங்க. கிளட்ச் மேல வெச்ச கால எடுத்தாத்தானே? சூடு ஏறியே வெடிச்சிருச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். வரிச்சிக்குடியில் வாசலுக்கு வாசல் நின்று, அப்படியே நெடுங்காடு வரை போகிறவள் நான்.

மீன்பிடித் தடை முடிய இரண்டு வாரம் இருந்தது. படகுகள் மீனோடு திரும்பும் அன்று என் வண்டி ஓடாவிட்டால், என் தெருக்களை வேறொரு வண்டிக்காரன் பிடித்துக்கொள்வான். பிடித்தால் விடமாட்டான். கணவர் இறந்து அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, யார் கையையும் எதிர்பார்க்காமல் நான் சாப்பிட்டது அப்பாவின் அந்தப் பழைய பிக்கப்பை வைத்துத்தான்.

"ஃபிரான்ஸ்லேர்ந்து தம்பி அனுப்புறான்ல. பேசாம உக்காந்து சாப்பிடும்மா. அந்த டப்பாவ எடைக்குப் போட்டுடு," என்றார் அப்பா.

உட்கார்ந்து சாப்பிட எனக்கென்ன கை கால் விளங்கவில்லையா? உடைந்த ஃப்ளைவீலைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நாகப்பட்டினத்தில் உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒருவர் சிரித்தார். "அந்த வண்டி இன்னுமா ஓடுது?" கும்பகோணத்தில் ஒன்று கிடைத்தது, துளைகள் பொருந்தவில்லை. திருச்சியில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். அதே வண்டி, அதே வருஷத்து ஃப்ளைவீல் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். துளைகள் பொருந்தியதுமே, பற்களை ஒத்துப் பார்க்காமல் ஆசையாகத் தூக்கி வந்தேன். வண்டியில் வைத்துப் பார்த்தால் ஓரத்துப் பற்கள் ஸ்டார்ட்டருக்குச் சேரவே இல்லை.

"வண்டி இதுதான், சாமான் இதுக்கில்லங்குது. எனக்கே பைத்தியம் பிடிக்குதுக்கா," என்றான் மெக்கானிக்.

அன்று எரிச்சலில், சும்மா இருக்கமாட்டாமல் இன்ஜினில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன். பக்கவாட்டில் ஒரு தகடு தெரிந்தது. ஏதோ ஒரு துளையை மூடி நான்கு போல்ட்டில் இறுக்கியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகு இன்ஜினில் கடல்தண்ணீரை இழுக்கிற பம்ப் உட்காரும் இடம் அது. சின்ன வயதில் அப்பாவின் படகில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கடல்தண்ணீர் எதற்கு?

நேரே வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டியில இருக்கிறது நம்ம படகு இன்ஜினா?"

"ஆமா. பழசாப் போன படக ஒடச்சப்ப அதத் தூக்கி இதுல வெச்சேன். கரையில எல்லாரும் செய்யறதுதானே."

"நான் திருச்சிக்குக் கிளம்புறப்ப ஏன் சொல்லல?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சொல்லியிருந்தா மறுநாளே வாங்கிட்டு வந்து நின்னிருப்ப. அலைஞ்சு அலுத்து விட்டுடுவன்னு பாத்தேன். வெயில்ல நீ தெருத்தெருவா கூவுறத என்னால பாக்க முடியலம்மா."

"பாக்க முடியலன்னா கண்ண மூடிக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்ததும் அழுகை முட்டியது. சோகமெல்லாம் இல்லை, கோபம்தான். பெற்ற அப்பாவே என்னை வேண்டுமென்று ஊர் ஊராக அலையவிட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் மண்டபத்தூர் கடற்கரைக்குப் போனேன். பழைய படகை உடைத்துப் போட்டவர்கள் வீட்டுப் பின்பக்கமெல்லாம் தேடினேன். முதலில் கிடைத்ததன் பற்களை உப்பு தின்றிருந்தது. கடைசியில் ஒரு வலைக் கொட்டகையில், தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே ஒன்றை வைத்திருந்தார்கள். சாக்கைப் பிரித்து, என் உடைந்த தட்டை அதன்மேல் வைத்தேன். நடுத்துளைகள் எல்லாம் நேருக்கு நேர் வந்தன. பற்களும் ஒத்துப் போயின.

"அண்ணே, இத எனக்குக் கொடுங்க," என்றேன், அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம்.

"அத எடுத்துட்டா தார்ப்பாய்க்கு என்ன வைக்கிறதும்மா?"

"இந்தாங்க," என்று உடைந்ததைத் தூக்கி வைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கொண்டுபோம்மா, கொண்டுபோ."

படகு சாமானில் கிளட்ச் பூட்டுவதற்குத் துளை கிடையாது. லேத் பட்டறையில் தட்டின் முகப்பைச் சீவி, துளை போட்டு வாங்கினோம். மெக்கானிக் மாட்டிவிட்டு, "சாவியப் போடுங்கக்கா," என்றான். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. "ஆத்தாடி!" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தடை முடிந்து முதல் மீன் வந்த அன்று விடியலில் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவைத் தாண்டும்போது அப்பா வாசலை விட்டு இறங்கி வந்து கையைக் காட்டினார். ஏதாவது சொல்லித் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, வண்டியை அணைக்காமலே நின்றேன்.

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து ஒரு சங்கரா மீனைத் தொட்டார். "இது என்ன வெல?"

"எல்லாருக்கும் என்னவோ அதான் உங்களுக்கும்."

"நான் கொறைக்கவா சொன்னேன்?"

மடியிலிருந்து பணத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அன்று எனக்கு முதல் போணி அப்பாதான்.