ஐஸ் மேசையில் மூன்று நாள்

ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரரின் தங்கை. ஆந்திரா பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா. மேஸ்திரி. அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளியே மீன் பேக்கிங் செய்யும் இடம் அது. பழவேற்காட்டிலிருந்து மீன் வரும். தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். மூடி, டேப் ஒட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். புது ஆளை மூன்று நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் லாரி வருவதற்குள் நாற்பது பெட்டி போட்டால் வேலை. இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். முன்பு பெருக்கிக்கொண்டிருந்த கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். இது எனக்கு வேண்டும்.

முதல் நாள் ரப்பர் கிளவுஸ் மட்டும் போட்டேன். பத்தாவது பெட்டியிலேயே விரல் மரத்துவிட்டது. டேப்பின் முனை நகத்துக்கு அகப்படவில்லை. இருபத்தாறு பெட்டி.

இரண்டாம் நாள் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, அதன்மேல் கிளவுஸ் போட்டேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் உள்ளே வேர்த்தது. அந்த வேர்வையே ஐஸ் மாதிரி ஆனது. கழற்றினால் விரல் வெளுத்து, ஊறின ஜவ்வரிசி போல இருந்தது.

"இன்னா அண்ணி, கைய பார்சல் கட்டிக்கினு வந்துகீற?" என்றாள் நாத்தனார். "அப்படியே பெட்டில வெச்சி டேப் ஒட்டிடு, மெட்ராஸு போயிடும்."

"சும்மா இருமே," என்றார் அக்கா. என்னிடம், "டீ கெட்டில் மேல கைய வெய்யி, சரியாப் பூடும்" என்றார்.

வைத்தேன். ஊசி குத்துவது போல வலித்தது. அன்று முப்பத்தொன்று.

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். குளிரை நிறுத்த முடியாது. ஈரத்தை மாற்றலாம்.

மூன்றாம் நாள், வீட்டுக்காரர் லேத் பட்டறையில் போடும் பனியன் துணி கிளவுஸ் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டேன். ஒன்று கையில், இரண்டை இடுப்பில் செருகிக்கொண்டேன், உடம்புச் சூட்டில் காய்ந்தே இருக்கும். மேலே பெரிய அளவு ரப்பர் கிளவுஸ். அதன் வாயை வெளிப்பக்கம் மடித்துவிட்டேன். பெட்டியை மேலே தூக்கும்போது வழிகிற தண்ணீர் மடிப்பில் நிற்கும். கையை இறக்கினால் கீழே கொட்டிவிடும்.

பன்னிரண்டு பெட்டிக்கு ஒரு ஜோடி மாற்றினேன்.

"இன்னாமா, கல்யாணப் பொண்ணு பொடவ மாத்துற மாதிரி மாத்திக்கினே கீற?" என்றார் மேஸ்திரி. "லாரி வந்துக்கினு கீது."

"வரட்டும்ணா."

"அண்ணி, இடுப்புல இன்னா, நகையா?"

"உன் பெட்டியப் பாரு."

மூன்றாவது ஜோடியை இடுப்பிலிருந்து உருவும்போது கை தவறி மீன் தண்ணீரில் விழுந்தது. எடுத்து ஓரமாகப் போட்டேன். முந்தானையால் கையையும் ரப்பர் கிளவுஸின் உள்பக்கத்தையும் துடைத்தேன். அதையே வெறும் கையில் மாட்டினேன். நான்கு பெட்டிக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தேன். விரல் மரத்தபோது டேப்பின் முனையைப் பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மீன்.

லாரி ஹார்ன் அடித்தது. மேஸ்திரி ஒவ்வொரு பெட்டியாகத் தட்டித் தட்டி எண்ணினார். டேப் விட்டிருந்த ஒன்றைத் தள்ளி வைத்தார்.

"அது போக எவ்ளோண்ணா?" என்றேன்.

நாற்பத்தொன்று.