சரியாக இருக்கிறது என்று சொல்ல மறுத்தவள்

புவனா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு சர்க்கிட் போர்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஹட்டன் கடைத்தெருவில், துணிக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் பட்டறை. அழைத்தது கொட்டகலையிலிருந்து அவளுடைய தம்பி. "அக்கா காலையில எந்திரிக்கல மாலாக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மாரடைப்புன்னு சொல்றாங்க" என்றான். "யாரு சொன்னா? சரியாப் பாத்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஓவென்று அழுதான். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை, அவளுடையது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

கருமாதியன்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவளை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். அவளிடம் ஏச்சு வாங்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. செத்தவரைப் பற்றி நல்லதே சொல்லவேண்டும் என்பார்கள். சொன்னால் அவளே எழுந்துவந்து, "ஆதாரம் எங்கடி?" என்று கேட்பாள்.

நாங்கள் செய்வது மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி. மலைச்சரிவில் ஒரு கம்பியை இறக்குவோம். மண் அசைந்தால் கம்பியின் வழியாகப் பெட்டிக்குத் தெரியும். பெட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே உள்ள கம்பத்துக்குச் செய்தி அனுப்பும், அங்கே சைரன் ஊதும். பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதுவதும், அதில் பிழை வந்தால் தேடிப்பிடித்து நீக்குவதும் என் வேலை. புவனாவின் வேலை சோதனை. வெளியார் இரண்டையும் ஒன்றென்று நினைப்பார்கள். நிறுவனத்தை நடத்தும் எங்கள் சேரும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்து, "மாலாதான் டிபக் பண்ணிட்டாங்களே, பிறகு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்டார். புவனா கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "காய்ச்சல்னு வர்றவங்களுக்கு மருந்து குடுக்குறது அவ வேலை சேர். நான் நல்லா இருக்கேன்னு சொல்றவன இழுத்துட்டு வந்து சட்டையக் கழட்டிப் பாக்குறது என் வேலை" என்றாள். சேர் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளூர எரிச்சல்தான். பிழை நீக்குகிறவளுக்கு ஒரு முடிவு உண்டு. காரணம் அகப்பட்டால் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். சோதிக்கிறவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அதனாலேயே அவள் எப்போதும் சிடுசிடுவென்று இருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

முதற்பெட்டியை ஒரு தோட்டத்தில் வைத்தோம், அது காரணமில்லாமல் ஊதியது. வெயில் இல்லாத நாட்களில், மண் அசையாமலேயே சைரன் அலறும். லயத்து ஆட்கள் ஊதுகுழலுக்குள் சாக்கை அடைத்துவிட்டார்கள். நான் கருவியை மாட்டிக் கண்காணித்தால் பெட்டி ஒழுங்காக இருக்கும், கழற்றினால் மறுபடியும் ஊதும். கடைசியில் கண்டுபிடித்தேன். வெயிலில் சார்ஜ் ஆகும் பற்றரி தளர்ந்திருக்கும் நேரத்தில், தான் இயங்குவதாகப் பெட்டி வழக்கமான செய்தி அனுப்பினால் மின்சாரம் ஒரு நொடி தாழ்கிறது, அந்த நொடியில் கம்பியின் அளவீடு கன்னாபின்னாவென்று வருகிறது. என் கருவியோ மாட்டியிருக்கும்வரை தன் மின்சாரத்தைப் பெட்டிக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. கன்னாபின்னா அளவீடு வந்தால் தள்ளிவிட்டு நல்ல அளவீட்டுக்காகக் காத்திரு என்று நிரலில் எழுதினேன். ஊதுவது நின்றது. எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன்.

புவனா ரோல்ஸைத் தின்றுகொண்டே வெட்டுக்குறட்டை எடுத்துக் கம்பியை நறுக்கென்று வெட்டினாள். சைரன் ஊதவில்லை. பெட்டி பாட்டுக்கு நல்ல அளவீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "மலையே பேத்துட்டு வந்தா கம்பி அறுந்துதானே போகும்? உன் பெட்டி பொறுமையாக் காத்துக்கிட்டு இருக்கு பாரு" என்றாள். கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தேன். பொய்யாக ஊதிய பெட்டியை ஊமைப் பெட்டியாக்கியிருந்தேன்.

அதையும் திருத்தினேன். வெட்டினாள், நனைத்தாள், சேருடைய குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் பொதிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டி எல்லாவற்றையும் தாங்கியது. மழைக்காலத்துக்குமுன் கையளிக்கலாம் என்றார் சேர். அவள் மட்டும் மாட்டேன் என்றாள். "லயத்துல போய் ஊதிப் பாக்கணும். ஆளுங்களுக்குச் சொல்லாம" என்றாள். நான் சண்டை போட்டேன். வயதானவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், இது என்ன விளையாட்டு என்றேன். "மண்ணு சொல்லிட்டா வரும்?" என்றாள். கடைசியில் தோட்டத்துரையிடமும் தொழிலாளர் தலைவரிடமும் மட்டும் அனுமதி வாங்கினோம்.

றொசல்லப் பக்கம், வேறொரு தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு. விடிவதற்குச் சற்று முன், தூறல். சரிவில் கம்பியை அசைத்தோம். சைரன் மலையெல்லாம் எதிரொலிக்க ஊதியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு அழகாக வேலைசெய்தது. கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, வரிசையாகப் பெரட்டுக் களத்துக்கு நடந்தார்கள். பெரட்டு என்றால் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அந்தத் தோட்டத்தில் பெரட்டுக்கு இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சங்கு ஊதுவார்கள். எங்கள் சைரனும் அவர்கள் காதுக்குச் சங்குதான். "என்னா இன்னைக்கு இவ்வளவு வெள்ளன ஊதிட்டாங்க?" என்று கொட்டாவி விட்டபடி போனாள் ஒருத்தி.

பெரட்டுக் களம் அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது.

மண் உண்மையிலேயே வந்திருந்தால், எங்கள் பெட்டி ஒரு பிழையும் விடாமல் எல்லோரையும் எழுப்பி, கூட்டி, மண்ணின் வாயிலேயே நிறுத்தியிருக்கும். என் நிரலில் ஒரு வரியும் தவறில்லை. ஆயுளுக்கும் உட்கார்ந்து பிழை தேடினாலும் எனக்கு அது அகப்பட்டிருக்காது. இதையும் சொல்லவேண்டும்: புவனாவுக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாது என்பதால்தான் போய்ப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பார்வதியம்மா என்ற பெண் இருட்டில் அவசரமாகப் படியிறங்கி, வழுக்கி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் ஆட்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க உசுரு ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று அவளுடைய மகன் கத்தினான். புவனா எப்படிப்பட்ட வாய்க்காரி, தலையைக் குனிந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடியும்வரை பார்வதியம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில், "செஞ்சது சரிதான் மாலா. ஆனா அந்தக் கை முறிஞ்சதும் என்னாலதான். ரெண்டையும் சேத்து வச்சுக்கத் தெரியல எனக்கு" என்றாள். அவள் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான்.

சைரனை எடுத்துவிட்டுப் பதிவுசெய்த குரலை வைத்தோம். அவளே பேசினாள். கடைத்தெருவையே திரும்பிப் பார்க்கவைக்கும் தொண்டை அவளுக்கு. "மண்ணு சரியுது! பெரட்டுக்குப் போகாதீங்க! பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க!" பகலில், ஆட்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒலிக்கவிட்டோம். பார்வதியம்மா கட்டுப்போட்ட கையோடு முதல் ஆளாக ஏறினாள். சேர் கைதட்டினார். இப்போதாவது சரி என்று சொல் என்றேன் புவனாவிடம். "இன்னைக்கு வேலை செஞ்சிச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள். அன்று அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது.

அவளுடைய செத்த வீட்டுக்கு மேற்கணக்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். சடங்கெல்லாம் முடிந்தபின் எனக்கு ஒரு சந்தேகம் வந்து குடைந்தது. பெட்டியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் பெட்டிக்கு வெளியே ஒன்று மாறியிருக்கிறது. மறுபடியும் சோதிக்கவேண்டும் என்றேன். சேர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அன்று நல்ல வெயில். ஆட்களுக்குச் சொல்லிவிட்டே ஒலிக்கவிட்டோம். மண்ணு சரியுது என்று புவனா கத்தினாள். வந்தவர்கள் கம்பத்தின் கீழே நின்றுவிட்டார்கள். ஒருவரும் ஏறவில்லை. சிலர் கைகூப்பினார்கள், சிலர் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார்கள். நான் ஓடிப்போய், "ஏறுங்கம்மா, மேல ஏறுங்க" என்று பார்வதியம்மாவைத் தள்ளினேன். அவள் அண்ணாந்து பார்த்தபடி, "இருங்க புள்ள. அந்தப் புள்ள பேசி முடிக்கட்டும், முழுசாக் கேட்டுட்டுப் போறோம்" என்றாள். எனக்கும் ஏறத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நானும் நின்று கேட்டேன்.

"சோதனைங்கிறதால நின்னாங்க. நெசமா வந்தா ஓடுவாங்க" என்றார் சேர். இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கொட்டகலைக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் சொன்னேன். குரலை மாற்றவேண்டும் என்று எனக்குச் சொல்ல வரவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். "நின்னு கேட்டா மண்ணுக்குள்ள போயிருவாங்கள்ல. அழிச்சிரு" என்றார். உங்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தாயி. குடுத்தா நானும் நின்னுருவேன்" என்றார்.

அழித்தேன். பட்டறையில், என் மேசையில், என் விரலால். பிரதி வைக்கவில்லை. அழித்தபின் எழுந்துபோய்ச் சன்னலோரம் நின்று அழுதேன்.

புவனாவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறீர்கள். ஒரு பயத்தை வைத்திருக்கிறேன். என் கையால் சரிசெய்த எதையும் என் வாயால் சரி என்று சொல்ல இப்போது பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடு வேலை செய்வது கஷ்டம், அது இல்லாமல் வேலை செய்ய இனி முடியாது.

கம்பத்தில் இப்போது பார்வதியம்மாவின் குரல். "நா ஏசுனா கழுதையும் ஓடும்" என்று சொல்லித்தான் பேசிக் கொடுத்தாள். ஓடுவார்களா என்று இன்னும் பார்க்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். நேற்றிலிருந்து மழை விடாமல் பெய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த மலை பொறுத்திருக்கட்டும்.