ஆடு தின்ற இறக்கை

எங்கள் ஏரோப்ளேன் கமிட்டிச் செயலாளர் ஒரு கோழை. அவர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் அவரைவிடக் கேடுகெட்டவன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம், சங்கரன்கோவிலில் நடந்தது. பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய ஏரோப்ளேன் ஒன்றைப் பருத்தி வியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிவந்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கைகள். துணியெல்லாம் கிழிந்து வெறும் எலும்பாக நின்றது. பள்ளிக்கூடத்தில் நடக்க இருந்த பொருட்காட்சிக்குள் அதைச் சரிசெய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். சம்பளம் கிடையாது. நான் பஸ் கம்பெனியில் பிட்டர். எஞ்சினைத் தொடலாம் என்ற ஆசையில் பேர் கொடுத்தேன்.

எஞ்சின் வேறு இரண்டு பேருக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது ஆடு விரட்டுகிற வேலை.

சிரிக்க வேண்டாம். இறக்கைத் துணியை விறைப்பாக்கப் பூசுகிற மருந்து எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் நெசவாளர்களுக்குத் தெரிந்தது கஞ்சி. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரியே இறக்கைக்கும் காய்ச்சிப் பூசி, மைதானத்து வெயிலில் காயவைத்தார்கள். வாசத்துக்கு ஊர் ஆடெல்லாம் வந்துவிடும்.

"ஸ்பேனர் பிடிச்ச கையில கம்பா அண்ணாச்சி?" என்று செயலாளரிடம் சண்டை போட்டேன்.

"நீரு கம்பைப் பிடிக்கலன்னா எங்க எல்லாரு வேலையும் ஆட்டு வயித்துக்குள்ள வே" என்றார்.

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து தூங்கினேன். எனக்குப் பதிலாக விரட்டியது அங்கே ஆடு மேய்த்த ஒரு பெண். யாரும் அவளைக் கேட்கவில்லை. "மாமியா வீட்டுல கூட இப்படி ஒறங்க மாட்டிய அண்ணாச்சி" என்று கேலி செய்வாள். "எங்க ஆடு படிச்ச ஆடு, வாத்தியாருக்குப் பயப்படும். மத்த ஆட்டுக்குத்தான் உங்க கம்பு வேணும்."

கடைசிப் பூச்சு காய்ந்த அன்று என்னிடம் வந்தாள். "ரேஷன் கடையில தானியம் போடுதாவளாம். வரிசையில நின்னு வாங்கிட்டு வாரேன். எங்க ஆட்டையும் பாத்துக்கிடுங்க. எந்திரிச்சுப் போயிராதீங்க."

"சரி, போ" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் கூப்பிட்டார். போட்டோக்காரர் வந்திருக்கிறாராம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் நின்ற ஏரோப்ளேன் உடம்புக்குள் ஏறி உட்கார்ந்தேன். தலை சீவி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். செயலாளர் பக்கத்தில் நின்றார். படம் பிடித்ததும் போட்டோக்காரர் அப்படியே கிளம்பிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் இறக்கைமேல் ஆடுகள். பாதித் துணி இல்லை. படித்த ஆடுகளும் அங்கேதான் நின்றன.

கமிட்டி கூடிவிட்டது. "கம்பு பிடிச்சவன் எங்க போனான்?" என்று ஒருவர் கத்தினார்.

"நான் இங்கனயேதான் நின்னேன். அந்தப் பொம்பளை வேணும்னே ஓட்டிவிட்டுட்டா" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவள் ஆடுகளை மட்டும், பயிர் மேய்ந்த ஆடுமாடுகளை அடைக்கிற பவுண்டுக்கு ஓட்டிப்போனார்கள்.

சாயங்காலம் மடியில் தானியத்தோடு நேராக என்னிடம்தான் ஓடிவந்தாள். "நீங்க இங்கனதான இருந்திய அண்ணாச்சி? நான் கடைக்குப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மூன்று நாள் ஆடுகள் பவுண்டில் கிடந்தன. சினையாடு ஒன்று அங்கேயே செத்தது. அவள் குருவிகுளம் பக்கம் போய்விட்டாள். இறக்கைக்கு வேறு துணி போட்டோம். பொருட்காட்சியில் எனக்கும் மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன். அந்த எஞ்சின் கடைசிவரை ஓடவில்லை. ஓடாத எஞ்சினுக்கு ஆசைப்பட்டு, செய்யவேண்டிய ஒரே வேலையைக் கேவலம் என்று நினைத்தவன் நான்.

போன மாதம் அவளைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அன்னைக்கு அங்கன நின்னு கேட்டவுககிட்ட சொல்லுங்க" என்றாள்.

இதோ, இந்தப் பத்திரிகையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனி எங்கே போனாலும் என் முகத்தில் காறித் துப்ப ஊருக்கு உரிமை உண்டு. செயலாளர் அவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி: நான் சொன்னது பொய் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஏன் பேசாமல் இருந்தீர்கள்? எனக்குக் கடிதம் போட வேண்டாம். இதே பக்கத்தில், ஊர் பார்க்கப் பதில் எழுதுங்கள்.