ஐந்தாவதாக நின்றவன்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாதுங்காவில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். கட்சிக்காரர்களுக்காக வாதாடுவது போக, வாரத்தில் சில நாள் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் உட்காருவார். கோர்ட்டில் சாட்சிகளை அவர் குடைந்தெடுக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். கண்ணால் பார்த்தவனைப் போய் இந்தப் பாடு படுத்துகிறாரே என்று நினைப்பேன்.

ஒருநாள் அடையாள அணிவகுப்பு நடத்த அவரை அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். தாராவியில் ஒரு சாயங்காலம் நடந்த கத்திக்குத்து. பார்த்தவர் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர்தான். பிடிபட்டவன் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரன். அவனோடு வரிசையில் நிற்க, அதே உயரமும் வயதும் உள்ளவர்களைத் தெருவிலிருந்து கூட்டி வருவது வழக்கம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன ஒருவர் திரும்பவே இல்லை. ஓர் ஆள் குறைந்தது.

வக்கீல் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயே போய் நில்லு. ஒசரம் சரியாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டே போய் ஐந்தாவதாக நின்றேன். எங்கே நிற்பது என்பதைப் பிடிபட்டவனே தேர்ந்துகொள்ளலாம். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

கடைக்காரரை உள்ளே அழைத்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனார். திரும்பி வந்தார். என் தோளில் கையை வைத்தார்.

"யஹீ ஹை, சாப்! யஹீ ஹை!"

இவனேதான் என்று கத்தியதோடு, இந்த முகத்தைச் செத்தாலும் மறக்க மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தார். அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். நாலு வருடமாக என்னைத் தெரிந்த ஐயா, யாரோ எவரோ போல, "பேர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"சம்பவம் நடந்தப்போ இவன் என் ரூம்ல டைப் அடிச்சிண்டிருந்தான்" என்று ஐயா அவரிடம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பிடிபட்டவனைத் திரும்ப அழைத்துப் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சொல்ல ஐயா இருந்தாவ. நான் அன்னைக்குக் காய்ச்சல்ல தனியால்லா படுத்துக் கெடந்தேன்."



அந்த அறிக்கையை டைப் அடித்ததும் நான்தான். ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 'சாட்சி, ஐந்தாவதாக நின்றவரைத் தொட்டு அடையாளம் காட்டினார்' என்று அடித்து, பக்கத்தில் என் பெயரையும் அடிப்பதற்குள் மூன்று தாள் பாழானது.

வேறு சாட்சி இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குத்தியது அவனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கத்திக்குத்து நடந்த சாயங்காலம், சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டுமா என்று நான் கேட்டு, ஐயா முடியாது என்று சொல்ல, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் டைப் அடித்தேன். அன்று அவர் சரி என்று சொல்லியிருந்தால், நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல எனக்கும் ஒருவர் இருந்திருக்க மாட்டார்.