முதல் பறிப்பு

நாடு விடுதலையாகி மெர்டேக்கா வந்த புதிதில் எனக்கு விவசாய இலாகாவில் வேலை. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அக்கா காய்கறி போட்டிருந்தார். கணவர் போன பிறகு அந்தத் துண்டு நிலத்தை நம்பித்தான் பிள்ளைகளை வளர்த்தார். நிலம் அவருடையதல்ல. டவுனில் கடை வைத்திருந்த ஒருவர், எதற்கும் உதவாத கட்டாந்தரை என்று நினைத்து, வாய்ப்பேச்சில் அவரிடம் விட்டு வைத்திருந்தார்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. சாணத்தைப் பச்சையாகக் கொட்டாதீர்கள், மக்க விடுங்கள், செடிக்குச் செடி இடம் விடுங்கள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தினேன். கடையில் விற்கும் பாஜா உரம் வாங்கி வந்து எதை எப்போது போடுவது என்றும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். கத்தரி காய்த்ததைப் பார்க்க வேண்டுமே, கிளை தாங்கவில்லை! என் தலைக்கனமும் கூடவே காய்த்தது.

முதல் பறிப்பில் கொஞ்சம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு, கொஞ்சம் நிலத்துக்காரர் வீட்டுக்கு. அது அக்காவின் வழக்கம். எப்போதும் கையளவு காய்தான் போகும், விளைந்தது அவ்வளவுதான். அந்த முறை கூடை வழிய வழிய நானே சைக்கிளில் கொண்டுபோனேன்.

“நம்ப நெலத்துலயா இவ்ளோ காய்ச்சிச்சி?” என்றார் நிலத்துக்காரர்.

“இன்னும் பாதிகூட பறிக்கலங்க. நல்ல மண்ணுங்க உங்களுது.”

மண்ணையா புகழ்வது? குனிந்து குனிந்து ஒடிந்த அந்த அக்காவின் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என் வாயில்.

காய்ப்பு முடிந்ததும் நிலத்துக்காரர், தன் மச்சான் பயிர் வைக்கப்போகிறார் என்று நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். கையில் எழுத்து ஒன்றும் இல்லாத அக்காவால் என்ன செய்ய முடியும்? எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே கூசியது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் வேறொருவருடைய நிலம் அவருக்குக் கிடைத்தது. செய்ததற்கு ஈடுகட்டுகிற நினைப்பில் ஒரு மூட்டை பாஜாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். செடிகள் நோஞ்சானாக நின்றன. அக்கா மூட்டையை இறக்கவே விடவில்லை.

“வேணாம் தம்பி, இது இப்படியே இருக்கட்டும்லா. நல்லா காய்ச்சா இதையும் கேட்டுருவாங்க.”