ஆடிட்டுக்குப் பெருக்கிய ஏரி

ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஆடிட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்புவான். ஆள் வருவதற்கு முன்பே கம்பெனி கல்யாண வீடாகிவிடும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அவசர வழிக் கதவு திறக்கும். கக்கூஸில் சோப்பு வந்து உட்காரும். பசை ஒட்டுகிற பெண்களுக்கெல்லாம் புதுக் கையுறை, புது மாஸ்க். ஷெட்டின் இரும்புச் சட்டத்தில் குடியிருக்கும் புறாக்களைக் கழி கட்டி விரட்டுவார்கள். எச்சம் கண்ணில் பட்டால் மார்க் போய்விடுமாம். கடைசியாக ஹெச்.ஆர். வந்து எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பாடம் எடுப்பார். எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். பிரச்சனை ஏதாவது உண்டா என்று கேட்டால் ஒரே பதில்தான்: "ஒரு பிரச்சனையும் இல்ல சார்."

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தியாவது இந்தப் பாடம் படித்தவள். அதனால்தான் எங்கள் ஏரி போனது. சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறுதான் எரிகிறது.

நான் குடியாத்தத்துக்காரி. மாதனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் தண்ணீரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். தோல் ஊரில் பெண்ணைக் கொடுக்கிறீர்களே, கிணற்றில் வாளி விட்டால் உப்பும் நாற்றமும்தானே வரும் என்றார்கள். வந்த மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் இறைத்து ஒரு வாய் குடித்தேன். இனித்தது. புருஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிவதற்கு முன்பே தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. இங்கேயே இருந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் மனசு சமாதானமானது.

கிணற்றுக்கு அந்த ருசி கொடுத்தது தெருவுக்குப் பின்னால் இருந்த ஏரி. தோல் பதனிடும் டேனரிகள் எல்லாம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ரோடு நடுவில் மேடாகக் கிடந்ததால் அங்கிருந்து ஒரு சொட்டு இங்கே வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்கும்போது எங்கள் தெரு மட்டும் கிணற்றில் இறைத்துக் குடித்தது. வெளியூர் உறவு வந்தால் பெருமைக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீரைத்தான் நீட்டுவோம். ஏரிக் கரையோரம் ஆள் உயரத்துக்குச் சம்புப் புல். அதற்குள் நீல நிறத்தில் தண்ணிக்கோழிகள் கூடு கட்டும். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவை கத்துவது கேட்கும். எனக்கும் அவற்றுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

பிறகு மழைநீர் வடிகால் வந்தது. மழை பெய்தால் அந்தப் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதாம். ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்து அந்தத் தண்ணீரை எங்கள் ஏரியில் விடப் போகிறார்களாம். மழைநீர்தானே, நல்லதுதானே என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கத்தில் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்திருக்கும் முற்றங்களை அவர்கள் பார்த்ததில்லை. அதைக் கழுவிக்கொண்டு வரும் மழைத் தண்ணீரை யார் வீட்டுக் கிணற்றில் இறைப்பது?

மனு எழுத ஆம்பூரில் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "உன் கிணத்துக்காக வடிகால நிறுத்த மாட்டாங்கம்மா. ஏரியில பறவைங்க கூடு கட்டுது, சதுப்பு நிலம்னு எழுது. அப்பதான் ஆய்வு பண்ணியே ஆகணும்" என்றார்.

"இன்னா சார் இது, மனுசங்க குடிக்கிற தண்ணிக்கு இல்லாத மரியாதை கோழிக்கு இருக்குதா?"

"இருக்குது. அத வெச்சுத் தப்பிச்சுக்கோ."

அப்படியே எழுதினேன். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் படித்துக் காட்டவில்லை. முதல் கையெழுத்து பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவள் எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்து முதுகுவலியால் நின்றவள். என் பிள்ளைகளை அவள் மடியில் போட்டுவிட்டுத்தான் நான் வேலைக்கே போனேன். அலைந்து திரிந்து, தாலுகா ஆபீஸ் பெஞ்சு தேய உட்கார்ந்து, கடைசியில் ஒரு வழியாக வடிகால் வேலையை நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வரும், ஏரியைப் பார்த்து அறிக்கை கொடுக்கும், அதன் பிறகுதான் மற்றது என்றார்கள். அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கவுன்சிலர்கூட அப்படி நடந்திருக்க மாட்டார்.

குழு வரும் நாள் பொங்கல் கழிந்து இரண்டு முறை மாறியது. கடைசியில் அவர்கள் சொன்ன நாளில்தான் எங்கள் கம்பெனியிலும் ஆடிட். லீவு கேட்டேன். "ஆடிட் அன்னிக்கு லீவா? வெளையாடறியா?" என்றார் சூப்பர்வைசர். முந்தின இரண்டு நாளும் ஓவர்டைம் போட்டுக் கம்பெனியைக் கழுவினோம். இருட்டில் போய் இருட்டில் வந்தேன். ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ கவலப்படாத. ஆடிட்டுக்கு இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியாதா? ஏரிய நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. ஆய்வுக்கும் ஆடிட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆய்வு நாளில் எனக்கும் புதுக் கையுறை கொடுத்தார்கள். ஆடிட்டர் என் முன்னால் நின்று ஓவர்டைம் உண்டா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். மொழிபெயர்க்க ஹெச்.ஆர். பக்கத்திலேயே நின்றார். "ஒரு பிரச்சனையும் இல்ல சார்" என்று சிரித்தேன். மனசெல்லாம் ஏரியில் இருந்தது. தண்ணிக்கோழிகள் இந்நேரம் அந்தச் சென்னைக்காரர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று யோசித்துக்கொண்டே பசை தடவினேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வா வா, பாரு" என்று கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கரை மொட்டையாக இருந்தது. சம்பு ஒன்று இல்லை. கோரை இல்லை, புதர் இல்லை. மதகு ஓரம் இருந்த ஒற்றை வேலமரம் மட்டும் தனியாக நின்றது. மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கரை நெடுகக் கோலம் போட்டிருந்தார்கள். உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் சாமியானாவும்.

"ரெண்டு நாளா தெருவே வேல செஞ்சுது. உனக்குச் சொல்லாம வெச்சிருந்தோம்" என்றாள் அக்கா, முகமெல்லாம் பல்லாக. "புல்லு ஜாஸ்தி, அரிவாளால முடியல. அந்த வடிகால் காண்டிராக்டர்தான் ஜேசிபி அனுப்பினான். நல்ல மனுசன், காசே வாங்கல."

அவன் ஏன் வாங்குவான்?

"பறவைங்க?" என்றேன்.

"முந்தாநாளே தட்டு தட்டி, பட்டாசு விட்டுத் தொரத்திட்டோம். எச்சம் போட்டு வெச்சா மார்க் கொறையும் இல்ல? மெட்ராஸ்லேர்ந்து வந்த மேடம்கூடக் கேட்டாங்க, இங்க பறவை எல்லாம் வருமான்னு. ஒண்ணும் வராது மேடம், நாங்க சுத்தமா வெச்சிருக்கோம்னேன். ஏரியால எதாச்சும் பிரச்சனை இருக்குதான்னு கேட்டாங்க." அக்கா ஒரு நொடி நிமிர்ந்து நின்றாள். "ஒரு பிரச்சனையும் இல்ல மேடம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம்."

நான் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தெருவே வெளியே வந்து பார்த்தது. "எல்லாத்தையும் கெடுத்துட்டியே, பாவி" என்று கத்தினேன். எதைக் கெடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா கோலப்பொடி ஒட்டிய கையோடு நின்றாள். அன்றோடு அவளோடு பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் அந்த மேடத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மனுவுக்காக முன்பு எடுத்த போட்டோக்கள் என் போனில் இருக்கின்றன, சம்பு தெரிகிறது, கூடுகூடத் தெரிகிறது, அனுப்புகிறேன் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நாங்க வந்த அன்னைக்கு என்ன இருந்துதோ அதைத்தான் எழுத முடியும். உங்க ஜனங்களே பறவை வராதுன்னு சொல்லி இருக்காங்க. கையெழுத்தும் போட்டிருக்காங்க."

"அவங்க ஆடிட்னு நெனச்சிட்டாங்க மேடம்."

"என்ன ஆடிட்?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அறிக்கை வந்தது. பறவைகளின் வாழிடம் எதுவும் காணப்படவில்லை, கரையில் தாவரங்கள் இல்லை, பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை. வக்கீல் படித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மடித்துக் கொடுத்தார். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. லஞ்சம் வாங்கி எழுதியிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

குழாய் பதித்தார்கள். அந்த வருஷத்து முதல் பெருமழையில் ஏரிக்குள் தண்ணீர் பழுப்பு நிறத்தில் நுரையோடு கொட்டியது. எங்கள் கிணறு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு நாள் சோறு வடித்தபோது கஞ்சி கரித்தது. இன்னொரு நாள் என் மகன் டம்ளரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினான். கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடினோம். இப்போது துணி துவைக்கக்கூட அந்தத் தண்ணீரை எடுப்பதில்லை. உறவுக்காரர்கள் வந்தால் கேனைக் கவிழ்த்து ஊற்றிக் கொடுக்கிறேன்.

சம்பு திரும்ப முளைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது லாரி சத்தம்தான் கேட்கிறது.

கேன் வண்டி தெரு முனையில்தான் நிற்கும். போன மாதம் ஒரு காலை நான் போனபோது அக்காவும் அங்கே இருந்தாள். முதுகுவலிக்காரி, கேனைத் தூக்க முடியாமல் காலால் தள்ளித் தள்ளிக் கொண்டு வந்தாள். பார்த்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. அவள் கேனை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். சேர்ந்து நடந்தோம். அவள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தேன்.

"கோவம் போச்சாம்மா?" என்றாள்.

நான் கேனை வாசற்படி ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நானும் அன்னைலேர்ந்து யோசிச்சிக்கினே இருக்கேன். அவ்ளோ சுத்தம் பண்ணியும் ஏன் நம்மள பெயில் ஆக்குனாங்கன்னு." சேலைத் தலைப்பால் கேனின் வாயைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கப் பயந்து ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"மதகாண்ட அந்த வேலமரத்த உட்டுட்டோம். அதையும் வெட்டி இருந்தா பாஸ் ஆயிருப்போம், இல்ல?"