இறக்கக்கண்டி வாடிகளும் இரத்தினேஸ்வரியும்

நிலாவெளியில் கரைவலை வைத்திருந்த கதிரவேலுவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் முருகேசு எட்டாம் வகுப்போடு வலைக்குப் போனான். இளையவள் இரத்தினேஸ்வரி படித்துக்கொண்டே போனாள். படிக்க வைத்தது தகப்பன் அல்ல. அவர் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் தங்கையை அனுப்பியவன் முருகேசுதான். அவள் விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸடியில் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் அவன்தான். அதனால், பின்னால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனபோது ஊர் அதை நம்பவே மறுத்தது.

இரத்தினேஸ்வரி புவியியல் படித்துவிட்டுத் திருகோணமலையில் ஆசிரியை ஆனாள். 1966இல் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். எதைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று பேராசிரியர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "இறக்கக்கண்டி வாடிகள்" என்றாள்.

மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வருவார்கள். கடற்கரையில் ஓலைக்குடில் போட்டுத் தங்குவார்கள். அதைத்தான் வாடி என்பது. காற்று மாறியதும் திரும்பிப் போய்விடுவார்கள். சில குடும்பங்கள் மட்டும் போகாமல் தங்கிவிட்டன. அந்த நாட்களில் வாடிக்காரருடைய இயந்திரப் படகுகள், கரைவலைக்காரர்கள் பரம்பரையாக வலை வளைக்கும் இடங்களுக்குள் புகுந்துவிட்டன என்று பெரிய சச்சரவு. அந்த இடங்களைப் பாடு என்பார்கள். நிலாவெளிக்கு அடுத்த இறக்கக்கண்டிப் பக்கம் இருந்த ஒரு பாடு முருகேசுவினுடையது.

தங்கையின் ஆய்வைக் கேட்டு அவனுக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை.

"நல்ல வேலை பிள்ளை. எப்ப வந்தவங்கள், எத்தினை பேர், எல்லாத்தையும் எழுது. நாளைக்கு விசாரணை எண்டு வந்தால் எங்கட பக்கத்திலயும் படிச்ச ஆள் ஒண்டு வேணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எவ்வளவு பெரிய காரியமாகப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அவளுக்குச் சிங்களம் அரைகுறை. இறக்கக்கண்டியில் கருவாடு வாங்கி விற்கும் லைலாவுக்கு அது சரளம். லைலா துணைக்கு வரச் சம்மதித்தாள். ஆனால் முதல் நாளே எச்சரித்தாள்.

"முருகேசுர தங்கச்சி எண்டு தெரிஞ்சா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க புள்ள. டீச்சர் எண்டு மட்டும் சொல்லுவம்."

"பிறகு தெரிய வந்தால்?"

"வந்தா வரட்டும். அதுக்குள்ள உங்கட வேல முடிஞ்சிரும்."

இரத்தினேஸ்வரிக்கு அது ஒப்பவில்லை. ஒவ்வொரு வாடியிலும் தான் யாருடைய தங்கை என்பதை முதலில் சொல்லிவிட்டே உட்கார்ந்தாள். இரண்டொருவர் எழும்பிப் போகச் சொன்னார்கள். மாகிரட் என்ற பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிலாபத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், தமிழும் பேசுவாள்.

"உங்கட அண்ணன் நேற்றும் வந்து ஏசிப்போட்டுப் போனவர். இண்டைக்கு நீங்கள் வந்து கதை கேக்கிறீங்கள். இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

மாகிரட்டின் மாமனார் சுதந்திரத்துக்கு முன்னமே வந்து குடியேறியவர். அவளுடைய பிள்ளைகள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அப்படி நாலைந்து குடும்பங்கள். அவர்களிடம் இயந்திரப் படகே கிடையாது. பாடுகளுக்குள் புகுந்த படகுகள், பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் படகு முதலாளிகளான பெரிய சம்மாட்டிமாருடையவை. ஊர்க்காரர் இரண்டு பகுதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு சண்டை பிடித்தார்கள். இரண்டு பருவம் அலைந்து அவள் கண்டுகொண்டது இதுதான்.

1968இல் இந்தச் சச்சரவைப் பற்றி அரசாங்க விசாரணை வந்தது. நிலாவெளிப் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகள் போதாமல் சனம் சுவரோடு நின்றது. விசாரிக்க வந்த அதிகாரி இரத்தினேஸ்வரியைக் கூப்பிட்டார். முருகேசு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதில இரண்டு விதமான ஆக்கள் இருக்கினம் ஐயா" என்று தொடங்கினாள். குடியிருக்கும் குடும்பங்கள் நெடுங்காலத்து ஆட்கள், அவர்களை அங்கிருந்து எழுப்புவது நியாயமில்லை என்றாள். சம்மாட்டிமாரின் படகுகள் பாடுகளுக்குள் வருவது உண்மை, அதை நிறுத்த வேண்டும் என்றாள். முதலாவதைச் சொன்னபோது ஊர்ப்பக்கம் கூச்சல் எழுந்தது. இரண்டாவதுக்கு மற்றப்பக்கம். முருகேசு மட்டும் சத்தம் போடவில்லை.

வெளியில் வேப்பமரத்தடியில் அவளை மறித்தான்.

"உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ?"

"உங்களுக்காகப் பொய் சொல்ல ஏலாது அண்ணன். நான் சொன்னதில உங்கட பாடு உங்களுக்குத் திரும்ப வரும்."

"எனக்கு வேண்டாம். இனி என்ர படலையைத் திறக்காதை."

தீர்ப்பு அவள் சொன்னபடியே வந்தது. படகுகள், களப்பு கடலோடு சேரும் வாய்க்கு வடக்கே போயின; குடும்பங்கள் இருந்தன; முருகேசுவின் பாடு முருகேசுவிடம் வந்தது. அவன் மனம் மட்டும் ஆறவில்லை. இரத்தினேஸ்வரி திருகோணமலை லிங்கநகரில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அண்ணி யோகம்மா எப்போதாவது யாரிடமாவது மாசிச் சம்பல் கொடுத்துவிடுவாள். அவ்வளவுதான் உறவு.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய பிறகு அவளுக்கு அங்கே விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முதுமாணி மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் படிப்பித்தாள். பெரும்பாலானோர் அந்தப் பாடத்தைத் தலைவிதியே என்று இருந்து கேட்டார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஹிஸ்புல்லா அப்படியில்லை. ஒருநாள் வகுப்பில் எழும்பி நின்றான்.

"மிஸ், உங்கட ஆய்வை வாசிச்சனான். பாடு வச்சிருந்த எல்லாரோடயும் கதைச்சிருக்கிறீங்கள். உங்கட அண்ணனோட கதைக்கேல்லையே?"

அவள் சோக்கட்டியை மேசையில் வைத்தாள்.

"அவர் என்ன சொல்லுவார் எண்டு தெரியும் எண்டு நினைச்சனான்" என்றாள். பிறகு, "அது ஒரு காரணமே இல்லை" என்று தானே சேர்த்துக்கொண்டாள்.

ஹிஸ்புல்லா வாடிகளையே தன் ஆய்வுக்கு எடுத்தான். 1979இல் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வந்து நேரே அவளிடம்தான் வந்தான்.

"உங்கட அண்ணனிட்டப் போனனான் மிஸ். கதைக்கிறாராம். ஆனா உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். உங்களுக்கு முன்னால சொல்லுறாராம்."

அவள் போனாள். படலையடியில் தயங்கி நின்றவளை யோகம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நரை விழுந்திருந்த முருகேசு தங்கையைப் பார்க்கவில்லை. ஹிஸ்புல்லாவைப் பார்த்தே பேசினார். தன் பாடு பற்றிச் சொன்னார், படகுகளைப் பற்றிச் சொன்னார். சில இடங்களில் வருசத்தைப் பிழையாகச் சொன்னார். திருத்தவேண்டும் போல அவளுக்கு நாக்குத் துடித்தது. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது இடையில் மறிக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் அவள். அடக்கிக்கொண்டாள்.

"அவ சொன்னது பொய் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லைத் தம்பி" என்றார் முருகேசு. "இரண்டு வருசம் இந்த வீட்டில இருந்துதான் அங்க போய்வந்தவ. ஒரே பானையில சோறு திண்டனாங்கள். அண்ணன், நான் இப்பிடித்தான் சொல்லப்போறன் எண்டு ஒரு சொல்லு எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம். நான் அவ எங்களுக்காகக் கதைப்பா எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். சபைக்கு நடுவில மடையன் மாதிரி இருந்தனான்."

ஹிஸ்புல்லாவின் பேனா நின்றுவிட்டது. அவன் அவளைப் பார்த்தான்.

"எழுதுங்கோ" என்றாள். அப்போதுதான் முருகேசு அவள் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதெல்லாம் அச்சில வருமோ?"

"வரும் அண்ணன். ஒரு சொல்லும் மாத்தமாட்டினம்." பிறகு, "உங்களுக்குச் சொல்லியிருக்கத்தான் வேணும். பயமாய் இருந்தது" என்றாள்.

முருகேசு தலையை ஆட்டினார். குசினிப் பக்கம் திரும்பி, "யோகம், மூண்டு பேருக்கும் சோத்தைப் போடு" என்றார்.

ஹிஸ்புல்லாவின் ஆய்வு 1981இல் முடிந்தது. இரத்தினேஸ்வரியின் ஆய்வில் விடுபட்டது என்ன என்று அதில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. தன் ஆசிரியையைப் பற்றி அப்படி எழுதலாமா என்று சக விரிவுரையாளர் ஒருவர் முகம் சுளித்தார். அவள் ஒரு வரியும் வெட்ட விடவில்லை.

அதற்குப் பிறகு விடுமுறைகளில் நிலாவெளிக்குப் போவது வழக்கமாயிற்று. அந்தக் குடும்பங்களை இருக்கவிட்டது சரியென்று முருகேசு ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்பகல்களில் இருவரும் வாசலில் இருந்து அதையே கதைத்து வாதாடுவார்கள். சத்தம் கூடினால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று யோகம்மா உள்ளே இருந்து அதட்டுவாள்.